தோசை மீன் என்ன சாப்பிட்டது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நன்றி சொல்வதற்காக எழுதுவது. நன்றி சொல்கிறவள் சாதுவாக இருப்பாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். மீதிப் பாதி மீன்கள். அவற்றையும் திட்டித்தான் இருக்கிறேன்.

பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டிலிருந்து வரும் படங்களையும் கோடுகளையும் கம்ப்யூட்டரில் பார்த்து, இது இன்னது என்று குறித்துக் கொடுப்பது எங்கள் தொழில். ரொம்ப நாள் ரோட்டுப் படங்கள்தான் வந்துகொண்டிருந்தன. இது கார், இது ஆள், இது நாய் என்று குறித்துக் குறித்துப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நடந்தாலும் கண் அதையே செய்யும். பிறகு ஒருநாள் மீன் வந்தது.

எங்கோ வடக்கே, பனிக்கட்டி மிதக்கும் கடல். அதன் அடியில், வெளிச்சமே போகாத ஆழத்தில், சேற்றோடு சேறாக ஒட்டிப் படுத்திருக்கும் ஒரு தட்டை மீன். நம் கடற்கரையில் இந்த இனத்தை எருமைநாக்கு என்பார்கள். எங்கள் ஆபீசில் அதற்குத் தோசை என்று பெயர் வைத்துவிட்டோம். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தே வாழும் மீன் என்பதால் இரண்டு கண்ணும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடும். இந்த வகை மீனுக்கு மட்டும் ஒரு கண் முழுதாக வந்து சேராமல் உச்சந்தலையிலேயே நின்றுவிட்டது. யாரோ அவசரத்தில் பொட்டை இடம் மாற்றி வைத்தது மாதிரி இருக்கும்.

அந்த மீன்களைப் பிடித்து, முதுகில் சின்னதாக ஒரு கருவியைப் பொருத்திக் கடலில் திரும்ப விட்டிருந்தார்கள். மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை அந்தக் கருவி விடாமல் பதிந்துகொண்டே இருக்கும். பிறகு அது எங்களிடம் ஒரு நீளமான கோடாக வரும். மீன் அடியில் படுத்திருந்தால் கோடு படுத்திருக்கும். மீன் மேலே எழும்பினால் கோடும் எழும்பும். எழும்பிய இடங்களை நாங்கள் குறிக்க வேண்டும். இதோடு கடலடியில் வைத்த கேமரா பிடித்த படங்களும் உண்டு. அதில் மீன் எப்போது வாய் திறக்கிறது, எதைப் பிடிக்கிறது என்று குறிக்க வேண்டும்.

நாள் முழுக்க ஆபீசில் ஒரே பேச்சு. "எந்திரிச்சிடுச்சா?" "இன்னும் எந்திரிக்கலக்கா, கெடக்குது." "என்னுது எந்திரிச்சிடுச்சு." நானும் அதையே பேசுவேன். வீட்டில்தான் அந்த வார்த்தை என் வாயில் வராது.

ரெட்டிபாளையத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு மழைநாளில் டீக்கடை ஓரமாக லாரியை நிறுத்தி, மூட்டைகள் மேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பில் அடி. திருச்சியில் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருந்தது, பலம் இல்லை. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "நரம்பு முழுசா அறுந்து போகல. எந்திரிச்சு நிக்க வாய்ப்பிருக்கு. ஆனா வர்றதெல்லாம் முதல் வருஷத்துக்குள்ள வந்துடணும். நல்லா சாப்பிடணும். ஒடம்புல சத்து இல்லன்னா நாங்க என்ன பண்ணியும் பிரயோசனம் இல்ல."

ஆக எங்கள் வீட்டில் இரண்டே கேள்விகள்தான் இருந்தன. அவர் சாப்பிடுவாரா? எழுந்து நிற்பாரா?

அதுவரை காலையில் அவரை எழுப்புவது என் வேலை. "எந்திரிங்க, மணியாச்சு" என்று அடுப்படியிலிருந்து கத்துவேன். கல்யாணமான நாள் முதல் கத்தியது. இப்போது அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? "முழிச்சிட்டீங்களா?" என்று கேட்கப் பழகினேன். அவருக்கும் அது புரிந்தது. புரிந்தது என்று எனக்கும் தெரிந்தது.

நான் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. கொஞ்ச நாள் லீவுக்குப் பிறகு திரும்பிப் போனபோது, எங்கள் டீம் லீடர் என்னை இந்த மீன் வேலையில் போட்டார். அரும்பாவூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர். "அக்கா, இது நிதானமா பாக்குற வேல. யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. நடுவுல வூட்டுக்குப் போன் பண்ணணும்னா பண்ணிக்கங்க" என்றார். அப்போது அதற்கும் முறைத்தேன், என்மேல் பரிதாபப்படுகிறார் என்று. பரிதாபம்தான். பரிதாபத்தை இவ்வளவு நாசூக்காகக் காட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பது பிறகு புரிந்தது.

பகலில் அவரைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார், அவருடைய அக்கா. அடுத்த தெருதான். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பஸ்ஸைப் பிடிக்க நான் அரக்கப் பரக்க ஓடும்போது அவர் உள்ளே நுழைவார். தம்பியைத் துடைத்து, துணி மாற்றி, சோறு வைத்து, தன் வீட்டு வேலையையும் பார்ப்பார். ஒரு தடவைகூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நான் சுளித்திருக்கிறேன்.

ஆனால் என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. தட்டில் வைத்ததில் கால்வாசி உள்ளே போகும். மீதி மூடியே கிடக்கும். "பசிக்கல" என்பார். நான் கத்துவேன். கருவாட்டுக் குழம்பு, முட்டை, ஆட்டுக்கால் சூப் என்று என்ன செய்தாலும் அதே கால்வாசிதான். ஏன் என்று அண்ணிதான் ஒருநாள் கண்டுபிடித்தார். "நெறைய சாப்ட்டா நெறைய வெளிய போவணும்ல. அள்ளிப் போடுறது அக்காளும் பொண்டாட்டியும்தானேன்னு வயித்தக் காயப் போடுறான்" என்று அடுப்படியில் நின்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கேட்பது, "சாப்டீங்களா?" அவர் கேட்பது, "ஒங்க தோச சாப்ட்டுச்சா?"

முதலில் பேச்சை மாற்றத்தான் கேட்டார். பிறகு உண்மையாகவே கேட்க ஆரம்பித்தார். படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறவருக்கு அந்த மீன் கதை ஒரு பொழுதுபோக்கு. நானும் சொல்வேன். இன்று கேமரா முன்னால் இரையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், வாய்க்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை, அந்த மூதேவி அசையவே இல்லை. அப்புறம் மேலே ஒரு கணவாய் நீந்திப் போனது, சேற்றைக் கிளப்பிக்கொண்டு ஒரே பாய்ச்சல், கேமராவே கலங்கிவிட்டது என்று.

"வச்சுக் குடுத்தா அதுக்குப் புடிக்கலயோ என்னமோ" என்றார் அவர்.

"ஆமா, ஒங்கள மாதிரி கொழுப்பு" என்றேன். சிரித்தார். சிரித்தாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் சொன்னதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

ஆபீசில் அப்போது ஒரு பெரிய கூத்து நடந்தது. கோடுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில், படுத்திருக்கும் கோடு உண்மையில் நேராகப் படுத்திருக்கவில்லை என்று கண்டுபிடித்தோம். மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கிக்கொண்டே இருந்தது. ஆகா, மீன் எழும்புகிறது என்று அத்தனை மேட்டையும் குறித்துத் தள்ளினோம். ஒரு மேட்டையும் விடவில்லை. எங்களுக்கே எங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அனுப்பிய பிறகு, மீன்களுக்குக் கருவி பொருத்தி விட்ட ஆராய்ச்சிக்காரர் வீடியோவில் வந்தார். நரைத்த தாடி, கழுத்து வரை கம்பளிச் சட்டை. கோபப்படவில்லை. உங்கள் ஊரிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டார். "பஸ்ல மூணு மணி நேரம் சார்" என்றார் டீம் லீடர். கடல் மட்டம் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா என்றார். ஸ்கூல் டூரில் வேளாங்கண்ணி போயிருக்கிறோம், காலை நனைத்துக்கொண்டு சுண்டல் தின்றுவிட்டு வந்திருக்கிறோம். அலை தெரியும். கடல் மொத்தமாக ஏறி மொத்தமாக இறங்கும் என்பதைப் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, அதோடு விட்டுவிட்டோம்.

அவர் விளக்கினார். கருவி தரையிலிருந்து மீன் எவ்வளவு உயரம் என்று அளப்பதில்லை. தனக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்றுதான் அளக்கிறது. கடல் இறங்கினால் மேலே நிற்கும் தண்ணீர் குறையும், மீன் எழும்பியது மாதிரி காட்டும். மீன் இருந்த இடத்தில்தான் இருக்கும். அசைந்தது மீன் அல்ல, கடல்.

எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும்தான் இந்தத் தப்பை இவ்வளவு ஒற்றுமையாகச் செய்ய முடியும். எங்களுக்கு ஆழம் என்றால் போர்வெல்தான். எத்தனை அடியில் தண்ணீர் என்றுதான் கேட்போம். தண்ணீர் கீழே கீழே போகும், நாம் நிற்கிற தரை எங்கேயும் போகாது. எங்கிருந்து அளக்கிறோமோ அந்த இடமே ஏறி இறங்கும் என்பது எங்கள் மண்டையில் உறைக்கவே இல்லை. இத்தனைக்கும் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெட்ட வெட்டக் கல்லாய்ப் போன கிளிஞ்சல்தான் வருகிறது; ஒரு காலத்தில் எங்கள் ஊரே கடலடிதான்.

எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். முதலில் கடலின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் ஏதாவது இருந்தால் அதுதான் மீன். அப்படிக் கழித்த பிறகு கிடைத்ததைப் பார்த்து அசந்து போனோம். நாட்கணக்கில் படுத்தே கிடக்கும் மீன் திடீரென்று ஒருநாள் பனை உயரம், கோபுர உயரம் என்று மேலே போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து படுத்திருந்தது. அந்த ஆராய்ச்சிக்காரர் சொன்னார், கருவியெல்லாம் வருவதற்கு முன்பே இந்தச் சந்தேகம் இருந்ததாம். அடியில் வலைபோட்டுப் பிடித்த மீனின் வயிற்றை அறுத்துப் பார்த்தால் பல சமயம் ஒன்றும் இருக்காது. இருந்தால், அடித்தரையில் கிடைக்காத மீனும் இறாலும் கணவாயும் இருக்கும். படுத்தே இருக்கும் மீனுக்கு மேலே நீந்துகிற இரை எப்படிக் கிடைத்தது? போய்ப் பிடித்திருந்தால்தான். மேலே போகும்போது இந்த மீன் மற்ற மீன்களைப் போல நிமிர்ந்தே நீந்துமாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதை அவரிடம் சொன்னேன். "யாரும் பாக்காதப்ப போவும்போல" என்றார்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, அவர் கால் அசைந்தது. நான் கால்மாட்டில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் விறைத்து, முழங்கால் ஒருமுறை மடங்கி நீண்டது. நான் போட்ட சத்தத்தில் அண்ணி அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்தார். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். அவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "நான் ஒண்ணும் பண்ணல புள்ள" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்கவில்லை.

மறுநாள் அரியலூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் பிசியோ பெண் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது அவரு அசைக்கிறது இல்ல. நரம்பு தானா இழுக்குது. இந்த மாதிரி அடிபட்டவங்களுக்கு வர்றதுதான்" என்றாள்.

ஆபீசில் படித்த பாடம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிட்டது பாருங்கள். அசைந்தது கடல்தான், மீன் இல்லை. நான் அந்தப் பெண்ணிடம் முகத்தைக் காட்டினேன். "நாளைக்கு நீ வர வேணாம்" என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். அவள் மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். என்னைக் கண்டுகொள்ளாமல் அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தாள், ஜன்னல் கம்பியைப் பிடிக்க வைத்தாள், தொடையைத் தட்டித் தட்டி "இங்க, இங்க பலத்தக் குடுங்க" என்றாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். என்னை மாதிரி ஆளுக்குப் பயந்து அவள் வராமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆனால் அவர் எழுந்து நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால் உடம்பு துணி மூட்டை மாதிரி எங்கள் மேல் சாயும். "வுடுங்க, வுடுங்க" என்பார். மாதங்கள் போயின. டாக்டர் சொன்ன முதல் வருஷம் பாதியைத் தாண்டியது. அவர் கன்னம் ஒட்டிப்போனது. நான் எதையும் நம்பாதவளாக ஆகிவிட்டேன். கால் துடித்தால் நரம்பு, முகம் தெளிந்தால் மாத்திரை என்று எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே வந்தேன். மிச்சம் எதுவும் தேறவில்லை.

பிறகு ஒருநாள், ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு அண்ணி போக வேண்டியிருந்தது. காலையிலேயே வந்து எல்லாம் செய்து முடித்து, மதியச் சோற்றைக் கட்டிலோரம் கை எட்டுகிற ஸ்டூலில் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் அரைநாள் லீவு கேட்டு மத்தியானமே கிளம்பிவிட்டேன். வழியில் பஸ் பழுதாகி நின்றது. கண்டக்டரோடு ஒரு சண்டை. வீட்டுக்கு வரச் சாயங்காலமே ஆகிவிட்டது.

சோறு வழக்கம்போல முக்கால்வாசி அப்படியே இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. படுக்கை விரிப்பை மாற்ற ஆரம்பித்தேன். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து விரிப்பை உருவும்போது, மடிப்பில் பொடிப்பொடியாக ஏதோ உதிர்ந்தது. எறும்பு வருமே என்று குனிந்து பார்த்தேன். முறுக்கு.

முந்தின வாரம் ஆபீசில் ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்த முறுக்கு அது. எலிக்குப் பயந்து அதை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கட்டிலை ஒட்டிய சுவர் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறித்தான் வைத்தேன்.

"யாரு வந்தா?"

"யாரும் வல்ல."

"அண்ணி குடுத்துட்டுப் போனாங்களா?"

"இல்ல."

"அப்ப முறுக்கு நடந்து வந்துச்சா?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். காதோரம் சிரிப்பு தெரிந்தது. ஆனால் நான் ஏமாறுவதாக இல்லை. ஒட்டடைக் கம்பு மூலையில் இருந்தது. "கம்பால தட்டி வுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். டப்பா மேல்தட்டில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. மூடி அழுத்தி மூடியிருந்தது. உள்ளே இரண்டு முறுக்கு குறைந்திருந்தது. கம்பால் தட்டினால் டப்பா கீழே வரும். மூடியோடு திரும்ப மேலே ஏறாது.

ஸ்டூலிலிருந்து இறங்கத் தெரியாமல் நின்றேன். பிறகு இறங்கினேன். பிறகு திட்ட ஆரம்பித்தேன். தனியாக இருக்கும்போது விழுந்திருந்தால் என்ன ஆவது, ஆபரேஷனில் முதுகுக்குள் வைத்த கம்பி என்ன ஆவது, முறுக்கு ஒரு கேடா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவர் முழுதும் கேட்டார்.

"எத்தன நாளா?" என்றேன் கடைசியில்.

"கொஞ்ச நாளாத்தான். அக்கா வூட்டுக்குப் போற நேரம் பாத்து, ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு. மொதல்ல நிக்கவே இல்ல, பொத்துனு ஒக்காந்துடுவேன். இன்னைக்குத்தான் கை மேல போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "பசிச்சுச்சு புள்ள. சோறு வேணாம்னு இருந்துச்சு. அது வேணும்னு இருந்துச்சு" என்றார்.

பசித்தது என்றார். அவ்வளவு மாதத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

"என் முன்னாடி நில்லுங்க பாப்பம்."

"நீ பாத்தா வராது. அந்தப் பக்கம் திரும்பிக்க."

கட்டிலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றேன். கட்டில் கிறீச்சிட்டது. ஜன்னல் கம்பியில் அவர் மோதிரம் பட்டது. மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. கை அவரைப் பிடிக்க அரித்தது. திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது, "திரும்பாத" என்றார். மறுபடி கட்டில் கிறீச்சிட்டது.

"ம். இப்பப் பாரு."

குரல் என் தலைக்கு மேலேயிருந்து வந்தது. எத்தனையோ மாதமாக அந்தக் குரல் என் இடுப்பளவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நான் குனிந்தே கேட்டுப் பழகியிருந்தேன். உடனே திரும்ப எனக்கு மனம் வரவில்லை. அங்கேயிருந்தே இன்னொரு வார்த்தை பேசட்டும் என்று காத்திருந்தேன்.

"சீக்கிரம் பாரு புள்ள, காலு நடுங்குது."

திரும்பினேன். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.